சார்ல்ஸ்டனில் எங்கே சாப்பிடுவது? அரிசி காட்டிய வழி

வியாழன்

சார்ல்ஸ்டனுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கிங் தெருவுக்குத்தான் போவார்கள். நாங்கள் நேராக பிளேக் தெருவுக்குப் போனோம். சார்லட்டில் அக்கா வீட்டிலிருந்து மூன்றரை மணி நேரம் கார் ஓட்டி வந்த பசி ஒரு பக்கம். இந்த ஊர்ச் சாப்பாட்டை அரிசியிலிருந்துதான் தொடங்குவது என்று கிளம்பும்போதே முடிவு செய்திருந்தது இன்னொரு பக்கம். அமெரிக்கத் தென்மாநிலச் சாப்பாடு என்றாலே பொரித்த கோழி, பிஸ்கட், சோள ரொட்டி என்று நினைக்கிறோம். அதெல்லாம் இங்கேயும் உண்டு. ஆனால் தென் கரோலினாவின் இந்தக் கடலோரத் தாழ்நிலம் தலைமுறை தலைமுறையாகச் சோறு சாப்பிடும் பூமி. இந்தத் தாழ்நிலத்தை லோகன்ட்ரி என்கிறார்கள். சோற்றை விட்டுவிட்டு இங்கே சாப்பிட்டால் பாதி ஊரைப் பார்க்காமல் திரும்புவது மாதிரிதான்.

பிளேக் தெருவில் இருப்பது ஹானிபல்ஸ் கிச்சன். நகரத்தின் கிழக்குப் பகுதியில், கறுப்பினக் குடும்பங்கள் காலங்காலமாக வாழும் தெருக்களுக்கு நடுவே உள்ள எளிமையான கடை. இங்கே கேட்க வேண்டியது நண்டுச் சோறு. வெங்காயம், குடைமிளகாயோடு வதக்கிய நண்டுச் சதையைச் சோற்றில் புரட்டித் தருகிறார்கள். இறாலும் சேர்த்துக்கொள்ளலாம். நான் சேர்த்துக்கொண்டேன். அலங்காரம் எதுவும் கிடையாது, பெட்டி நிறையச் சோறுதான். நண்டின் இனிப்பு ஒவ்வொரு பருக்கையிலும் ஏறியிருந்தது. மிளகாய்ச் சாறு பாட்டில் மேசையிலேயே இருக்கிறது. ஆனால் முதல் சில வாய் அது இல்லாமல் சாப்பிட்டுப் பாருங்கள்.

அக்கா சைவம். "ஏன்டி, எனக்கு என்ன இருக்கு இங்க?" என்றாள். மக்ரோனி சீஸ் இருந்தது. இந்த ஊரில் மக்ரோனி சீஸைக் காய்கறி வரிசையில்தான் சேர்க்கிறார்கள். சைவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கீரை, பீன்ஸ், சிவப்புச் சோறு என்று பலகையில் எழுதியிருப்பவை பெரும்பாலும் பன்றி எலும்போ புகையூட்டிய வான்கோழியோ போட்டு வேகவைத்தவை. அந்தச் சாறுதான் அவற்றின் சுவையே. கேட்டால் ஒளிக்காமல் சொல்கிறார்கள், அதனால் கேட்டு வாங்குங்கள்.

சாயங்காலம் சிட்டி மார்க்கெட். 1841இல் கட்டிய மார்க்கெட் ஹாலும் அதன் பின்னால் நீளும் கொட்டகைகளும் சுற்றுலாப் பயணிகளால் நிரம்பி வழிகின்றன. ஸ்வீட்கிராஸ் என்னும் கடலோரப் புல்லில் கூடை பின்னும் பெண்கள் ஆங்காங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் கூடைகளில் ஆழமில்லாத, அகன்ற, வட்டமான ஒன்று உண்டு. அக்கா அதைக் கையில் எடுத்ததும், "இது முறம்டி" என்றாள். ஆமாம், நெல் புடைக்கத்தான் அது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் இங்கேயும் அதைப் பின்னி, உரலில் குத்திய நெல்லை அதில் போட்டு உமி நீக்கினார்கள். இன்று அது சுவரில் மாட்டும் கலைப்பொருள். விலை கூடத்தான், ஆனால் ஒரு கூடைக்குப் பல நாள் உழைப்பு. பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை.

வெளியே வரும்போது ஒரு பாக்கெட் பென் வேஃபர் வாங்கினோம். எள்ளைச் சர்க்கரையும் வெண்ணெயும் சேர்த்து மெல்லிய வில்லைகளாகச் சுட்ட பிஸ்கட். எள்ளும் அதே கப்பல்களில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான். அடிமைகள் தங்கள் வீட்டுத் தோட்டத் துண்டில் விதைத்து வளர்த்தார்கள். அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாக்கெட் காலி.

வெள்ளி

இன்றைய நாள் முழுக்க பெர்த்தாஸ் கிச்சனுக்குத்தான்.

நகர மையத்திலிருந்து வடக்கே, ரயில் பாதைகளும் கிடங்குகளும் உள்ள மீட்டிங் ஸ்ட்ரீட் ரோட்டில், நீல வண்ணமடித்த இரண்டு மாடிக் கட்டடம். அல்பெர்த்தா கிராண்ட் தொடங்கிய கடை. அவருக்குப் பின் மகள்கள் நடத்திவருகிறார்கள். அமெரிக்கச் சமையல் உலகின் பெரிய விருதுகளைத் தரும் ஜேம்ஸ் பியர்ட் அமைப்பு 2017இல் இதற்கு 'அமெரிக்காஸ் கிளாசிக்ஸ்' விருது கொடுத்தது. விருது வந்த பிறகும் கடை தன் இயல்பை மாற்றிக்கொள்ளவில்லை. வரிசையில் நிற்க வேண்டும், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பாத்திரங்களைக் காட்டிச் சொல்ல வேண்டும், அள்ளிப் போடுகிறார்கள். எங்களுக்கு முன்னால் துறைமுக வேலைக்காரர்கள் போலத் தெரிந்த சிலர், பின்னால் ஆஸ்பத்திரிச் சீருடையில் இரண்டு பெண்கள். என்னைப் பார்த்துப் பரிமாறும் அம்மா "பேபி, என்ன வேணும்?" என்று கேட்டார். இந்தப் பக்கத்தில் எல்லோரும் பேபிதான்.

நான் வாங்கியது வெண்டைக்காய் சூப், வெள்ளைச் சோறு, டபுள் பீன்ஸ், சிவப்புச் சோறு, பொரித்த கோழி. ஒரு ஆளுக்கு இது அதிகம்தான். ஆனால் இங்கே வந்து ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் எப்படி?

வெண்டைக்காய் சூப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தக்காளி, வெண்டைக்காய், சோளம், பீன்ஸ், இறைச்சித் துண்டுகள் எல்லாம் நீண்ட நேரம் ஒன்றாகக் கொதித்துக் குழம்பாகிவிட்டிருக்கிறது. நாம் வெண்டைக்காயின் கொழகொழப்பை எப்படிப் போக்குவது என்று மெனக்கெடுவோம். இங்கே அந்தக் கொழகொழப்புதான் குழம்புக்குக் கெட்டி. அதைச் சோற்றின் மேல் ஊற்றிச் சாப்பிட வேண்டும். சூப் என்று பெயர் இருப்பதால் கிண்ணத்தோடு குடித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், சோறு கேளுங்கள். வெண்டைச் செடியே ஆப்பிரிக்கப் பயிர். செனகல், காம்பியா பக்கத்து ஊர்களில் இன்றைக்கும் சோற்றோடு வெண்டைக்காய்க் குழம்பு சாப்பிடுகிறார்கள். அட்லாண்டிக்கைக் கடந்து, சங்கிலியைத் தாண்டி, அந்தச் சாப்பாடு இந்த நீலக் கட்டடம் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

சிவப்புச் சோறும் அப்படியே. தக்காளியையும் புகையூட்டிய பன்றி இறைச்சியையும் சேர்த்து, அரிசியை அந்தச் சாறிலேயே வேகவிட்டு எடுப்பது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஜொலோஃப் சோற்றுக்கு நெருங்கிய உறவு. ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக நிற்க வேண்டும், அதுதான் சமைப்பவரின் கைக்கு அளவுகோல். பெர்த்தாஸில் நின்றது.

டபுள் பீன்ஸ் வெண்ணெய்போல் குழைந்து, கூடவே போட்ட எலும்பின் உப்பை வாங்கிக்கொண்டு இருந்தது. கோழிக்குத் தோல் மொறுமொறுப்பு, உள்ளே சாறு. நல்ல கோழி. ஆனால் நல்ல கோழி தென்மாநிலங்களில் எங்கும் கிடைக்கும். இந்தக் குழம்பும் சோறும் இந்தக் கடலோரத்துக்கே உரியவை. அக்காவுக்குக் கேட்டு விசாரித்து மக்ரோனியும், சர்க்கரைப் பாகில் வெந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும், கார்ன் பிரெட்டும் கிடைத்தன. பல் கூசும் இனிப்பில் ஒரு பெரிய ஸ்வீட் டீ இருவருக்கும்.

சாப்பிட்டு முடித்து மாரிசன் டிரைவ் வழியாகத் திரும்பினோம். அந்தச் சாலையில்தான் மார்த்தா லூஸ் கிச்சன் இருந்தது. இளஞ்சிவப்பு வண்ணத்தில் சின்னஞ்சிறு கட்டடம். மார்த்தா லூ காட்ஸ்டென் 1983இல் தொடங்கி, எண்பது வயதைக் கடந்த பிறகும் அடுப்படியில் நின்ற இடம். 2020இல் மூடிவிட்டார்கள். அடுத்த ஆண்டு அவரும் காலமானார். சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்புகின்றன. இந்தத் தீபகற்ப நகரத்தில் நிலத்தின் விலை ஏற ஏற, இந்தச் சாப்பாட்டை உருவாக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் வடக்கே தள்ளப்படுகிறார்கள். அவர்கள் சமைத்ததோ வெள்ளைத் துணி விரித்த உணவகங்களில் பல மடங்கு விலையில் போகிறது. எனக்கு இது உறுத்துகிறது. சார்ல்ஸ்டனில் ஒரே ஒரு வேளைதான் சாப்பிட முடியும் என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் பெர்த்தாஸ் என்பேன். வார நாள் மதியமாகப் பார்த்துப் போங்கள். சனி, ஞாயிறை நம்பிப் போக வேண்டாம்.

சனி

காலையில் மேரியன் சதுக்கத்தில் உழவர் சந்தை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சனிக்கிழமைகளில் நடக்கிறது. நாங்கள் வந்திருப்பது நவம்பர் என்பதால் தப்பித்தோம். காலர்டு கீரைக் கட்டுகள், சர்க்கரைவள்ளி, உள்ளூர் இறால். உப்புப் போட்டு வேகவைத்த நிலக்கடலை இருந்ததும் அக்கா முகம் மலர்ந்துவிட்டது. தோலோடு பச்சைக் கடலையை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, சூடாகப் பையில் போட்டுத் தருகிறார்கள். தென் கரோலினா 2006இல் இதை மாநிலத்தின் அதிகாரபூர்வச் சிற்றுண்டியாகவே அறிவித்திருக்கிறது. வேறு எந்த மாநிலத்துக்காரரிடம் சொன்னாலும் கடலையை யாராவது வேகவைப்பார்களா என்று கேட்பார்கள் என்றார் கடைக்காரர். நாங்கள் வேகவைப்போம் என்றேன். இன்னொரு கை கடலை கூடுதலாக விழுந்தது.

அப்புறம் இறாலும் கிரிட்ஸும். கிரிட்ஸ் என்பது மக்காச்சோளக் குருணைக் கஞ்சி, கெட்டியாக. இறால் பிடிப்பவர்கள் விடியற்காலையில் கடலுக்குப் போய் வந்து, விற்றது போக மிச்சமிருந்த பொடி இறாலை வதக்கி, குருணைக் கஞ்சியில் போட்டுச் சாப்பிட்ட காலைச் சாப்பாடு இது. இப்போது இரவு விருந்தாக, க்ரீமும் ஒயினும் சேர்ந்து, ஊரில் எந்த உணவகத்துக்குப் போனாலும் இருக்கிறது. நாங்கள் காலை வேளையிலேயே சாப்பிட நினைத்து, கிங் தெருவின் தென்பகுதியில் உள்ள மில்லர்ஸ் ஆல் டே போனோம். இதன் பங்குதாரர்களில் ஒருவர் எடிஸ்டோ தீவில் கல் இயந்திரத்தில் சோளம் அரைக்கும் ஆலைக்காரர். அந்த வித்தியாசம் நாக்கில் தெரிகிறது. கடையில் பாக்கெட்டில் வரும் உடனடி கிரிட்ஸ் பசை மாதிரி இருக்கும். கல்லில் அரைத்தது வெந்த பிறகும் சோள மணத்தோடு, லேசான நறநறப்போடு இருக்கிறது. அக்கா இறாலில்லாமல் வெறும் கிரிட்ஸும் முட்டையும் வாங்கினாள். இந்தப் பயணத்தில் அவளுக்கு வயிறும் மனமும் நிறைந்த முதல் சாப்பாடு இதுதான். வேகவைத்தது பாலிலா, தண்ணீரிலா, இறைச்சிச் சாறிலா என்று மட்டும் சைவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

பகலில் தெருத்தெருவாக நடந்தோம். பக்கவாட்டில் நீளத் தாழ்வாரம் வைத்த பழைய வீடுகள், 1886 நிலநடுக்கத்துக்குப் பிறகு சுவர்களை இழுத்துப் பிடிக்கப் போட்ட இரும்புக் கம்பிகளின் முனைகள், தேவாலயக் கோபுரங்கள். எல்லாம் அழகு. அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

மாலையில் போவன்ஸ் ஐலண்ட். ஊரைவிட்டு ஃபாலி கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு மண் சாலை பிரிகிறது. அதன் முடிவில், சதுப்பு நிலத்தின் விளிம்பில், சிப்பி ஓட்டுக் குவியல்களுக்கு நடுவே இந்த உணவகம் நிற்கிறது. 1946இல் தொடங்கியது. 2006இல் இதற்கும் அதே ஜேம்ஸ் பியர்ட் விருது கிடைத்தது. அதே ஆண்டில் தீப்பிடித்து எரிந்தும் போனது. மறுபடி கட்டியிருக்கிறார்கள். வந்துபோகிறவர்கள் பெயர் கிறுக்குவது இங்கே பழைய வழக்கம். புதுச் சுவர்களும் தூண்களும்கூட இப்போது எழுத்தால் நிறைந்துவிட்டன.

கடல் சிப்பியை இங்கே சமைக்கும் முறையைப் பார்க்க வேண்டும். அடியில் நெருப்பு, மேலே இரும்புத் தகடு. சேறு கழுவிய சிப்பிக் கொத்துகளை அதில் கொட்டி, ஈரக் கோணிச் சாக்கால் மூடிவிடுகிறார்கள். கோணியின் நீராவியில் சிப்பி வாய் திறக்கத் தொடங்கியதும், மண்வெட்டியால் அள்ளிக்கொண்டு வந்து நம் மேசையில் கொட்டுகிறார்கள். ஆம், மண்வெட்டிதான். மேசை நடுவில் ஓடு போட ஓட்டை. கையில் ஒரு துணி, ஒரு குட்டைக் கத்தி. இந்தக் கழிமுகத்துச் சிப்பிகள் தனித்தனியாக வளர்வதில்லை, ஒன்றன் மேல் ஒன்று ஒட்டிக் கொத்தாக வளர்கின்றன. பிரிக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். பக்கத்து மேசைப் பெரியவர், கத்தியை எங்கே நுழைத்துத் திருக வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். உள்ளே இருக்கும் சதை சிறியது, ஆனால் அந்த உப்புச்சுவை! எலுமிச்சை, காக்டெய்ல் சாஸ் எல்லாம் வைத்திருந்தார்கள். இரண்டையும் தொடவில்லை.

தின்று முடித்த ஓடுகளை வீணாக்குவதில்லை. சிப்பிக் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டு வளர இன்னொரு ஓடு வேண்டும். அதனால் தென் கரோலினா இயற்கை வளத் துறை ஓடுகளைச் சேகரித்துத் திரும்பக் கழிமுகத்திலேயே போடுகிறது. குளிர்மாதங்களில் வந்தால்தான் இந்தச் சிப்பி உண்டு. அக்டோபருக்கும் மே நடுப்பகுதிக்கும் இடையே வாருங்கள். அக்கா ஹஷ்பப்பி என்னும் பொரித்த சோளமாவு உருண்டைகளும் கோல்ஸ்லாவும் சாப்பிட்டுவிட்டு, மேல்தளத்தில் நின்று சதுப்பு நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடல் ஓதம் வற்றி நீர் இறங்கியிருந்த நேரம். சேற்றின் கந்தக வாடை எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிறு

காலையில் கிங் தெருவின் மேல்பகுதியில் கேலீஸ் ஹாட் லிட்டில் பிஸ்கட். நின்றுகொண்டே சாப்பிடும் அளவுக்குச் சின்னக் கடை. நமக்குத் தெரிந்த பிஸ்கட் இல்லை இது. வெண்ணெய் மணக்கும், உதிரும் பன் வகை. பிமென்டோ சீஸ் வைத்ததும், பாலாடைக்கட்டியும் வெங்காயத்தாளும் போட்டதும் சைவர்களுக்கு ஏற்றவை. நல்ல பிஸ்கட். அடுத்ததற்குப் போவோம்.

நேற்றுவரை சாப்பிட்டதற்கெல்லாம் வேர் எங்கே என்று பார்க்க, கூப்பர் ஆற்றங்கரையில் 2023இல் திறந்த சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்குப் போனோம். இது நிற்கும் இடம் காட்ஸ்டென்ஸ் வார்ஃப் என்ற பழைய கப்பல் துறை. வட அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களில் சுமார் 40 சதவீதம் பேர் சார்ல்ஸ்டன் வழியாக வந்தார்கள் என்று கணிக்கிறார்கள். அவர்களில் மிகப் பலர் கால் வைத்த மண் இது. அதனால் கட்டடத்தை அந்த மண்ணில் உட்கார வைக்காமல் 18 தூண்கள் மேல் 13 அடி உயரத்தில் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். கீழே தரையில், கப்பலின் அடித்தளத்தில் நெருக்கிப் படுக்கவைக்கப்பட்ட உடல்களின் வடிவங்கள். அவற்றின் மேல் தண்ணீர் ஏறி வடிகிறது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு அதன் ஓரமாக நடந்தாள்.

உள்ளே, கரோலினா கோல்டு என்னும் இந்த ஊர் அரிசி ரகத்துக்கென்றே தனிப் பகுதி. இருவரும் நெல் விளையும் ஊரில் வளர்ந்தவர்கள் என்பதால் அங்கேதான் நெடுநேரம் நின்றோம். சைப்ரஸ் மரங்கள் அடர்ந்த சதுப்புக் காட்டைக் கையாலேயே வெட்டித் திருத்தி, வரப்புப் போட்டு, மதகு வைத்தார்கள். கடல் ஓதம் ஏறும்போது அதன் அழுத்தத்தில் ஆற்றின் நன்னீர் மட்டமும் உயரும். அந்த நேரம் பார்த்து மதகைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுவார்கள், ஓதம் இறங்கும்போது வடிப்பார்கள். உப்புத் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளவும் வேண்டும். இந்த அறிவில் பெரும்பங்கு மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் கரையிலிருந்து வந்தவர்களுடையது. முழங்கால் சேறு, கொசு, மலேரியா. பெண்கள் உரலில் உலக்கையால் குத்தினார்கள். அந்த அரிசியின் பணத்தில்தான் நேற்று நாங்கள் பார்த்து ரசித்த தாழ்வார வீடுகளில் பல எழும்பின.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு அடிமை உழைப்பு போனது. 1893, 1911 புயல்கள் வரப்புகளை உடைத்தன. கரோலினா கோல்டு கிட்டத்தட்ட மறைந்தே போனது. 1980களில் ரிச்சர்ட் ஷுல்ட்ஸ் என்ற கண் மருத்துவர் அரசு விதை வங்கியிலிருந்து கொஞ்சம் நெல் வாங்கி விதைத்து அதை மீட்டார். பின்பு அன்சன் மில்ஸ் போன்ற ஆலைகள் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. உயர்ரக உணவகங்கள் இந்த அரிசியைக் கொண்டாடுவது நல்லதுதான். ஆனால் நெல்லை மீட்டவரின் பெயர் சொல்கிறவர்கள், நெல்லை வளர்த்தவர்களின் பேரர்கள் நடத்தும் கடைகளையும் சொல்ல வேண்டும். கல்லா (Gullah) எனப்படும் இந்தக் கடலோர ஆப்பிரிக்க வம்சாவளி மக்களின் சமையலைத் தொடர்ந்து எடுத்துச்செல்லும் சமையல்காரர் பி.ஜே. டென்னிஸ், 2016இல் டிரினிடாட் வரை போய், அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் நடந்த 1812 போரில் பிரிட்டிஷ் தரப்பில் போரிட்டு அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றவர்களின் வம்சாவளியினர் இன்னும் பயிரிடும் மேட்டு நில நெல்லைப் பார்த்து வந்தார். அந்த மாதிரித் தேடல்களை நான் பெரிதாக மதிக்கிறேன்.

மதியம் ராட்னி ஸ்காட்ஸ் பார்பிக்யூ. முழுப் பன்றியை இரவு முழுக்கத் தணலில் வாட்டுவது இவர் முறை. விறகைத் தனியாக எரித்துத் தணலாக்கி, மண்வெட்டியால் அள்ளிக் குழிக்குள் போடுகிறார்கள். மேலே வினிகரும் மிளகாயும் கலந்த சாறு தடவுகிறார்கள். ஹெமிங்வே என்ற சிற்றூரில் பதினோரு வயதில் முதல் பன்றியை வாட்டியவர், 2017இல் இங்கே கடை திறந்து, அடுத்த ஆண்டே தென்கிழக்கின் சிறந்த சமையல்காரர் விருதை வாங்கினார். புளிப்பும் புகையும் காரமும் சரியாக இருந்தன. கூடவே வந்த வெள்ளை ரொட்டியில் சாறைத் துடைத்துச் சாப்பிட்டேன்.

கிளம்பும் முன் ஒரு பை கரோலினா கோல்டு வாங்கினோம். இந்த ஊர்க்காரர்கள் சொல்லும் முறை இது: பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் கொதிக்கவிட்டு, உப்புப் போட்டு, அரிசியை வேகவிட்டு, வடித்துவிட வேண்டும். வடித்த சோற்றைத் தட்டில் பரப்பி, மிதமான சூட்டில் ஓவனில் வைத்து ஈரம் போக்கி, வெண்ணெய் சேர்த்துக் கிளற வேண்டும். கடையில் தண்ணீர் அளவு கேட்ட அக்கா, வடிப்பது என்றதும் "அப்போ எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டாள். புதிதாகக் குத்திய அரிசி, முளை முழுதாகப் போகாதது என்பதால் வெளியே வைத்தால் சிக்குவாடை வரும். வாங்குகிறவர்கள் ஃப்ரீசரில் வையுங்கள்.